பரு இல்லாத கதாநாயகிகள்

"தாத்தா, உங்க கதையில வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் முகத்துல பருவே வராதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் என் தங்கையின் பேத்தி. வயது பதினேழு. சிட்லபாக்கத்தில் வீடு. விடுமுறைக்குச் சேலையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள், பொழுது போகாமல் என் நாவல்களில் இரண்டைப் படித்து முடித்துவிட்டாள். படித்து முடித்த கையோடு இந்தக் கேள்வி.

எத்தனையோ விமரிசனங்களை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். 'நடை தொய்கிறது' என்றார்கள். 'முடிவு செயற்கை' என்றார்கள். 'கதாசிரியருக்குப் பெண் மனம் புரியவில்லை' என்று ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதினாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்குத்தான் இல்லை.

"கதையில் எதற்கம்மா பரு?" என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன்.

"ஏன்? கதையில காசநோய் வருது, மாரடைப்பு வருது, பைத்தியம் பிடிக்குது. பரு மட்டும் ஏன் வராது?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. துப்பட்டாவின் நுனியை எடுத்து இடது கன்னத்தை மறைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தக் கன்னத்தைச் சரியாகப் பார்த்தேன். சிவந்து, தடித்து, திட்டுத்திட்டாக இருந்தது. மூன்று நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். மூன்று நாளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நாவலாசிரியனின் கண் எதையும் தப்பவிடாது என்று மேடைகளில் பேசியவன்தான் நான்.

அன்றிரவு என் நாவல்கள் பதினொன்றையும் அலமாரியிலிருந்து இறக்கி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். கதாநாயகிகளின் முகங்களை மட்டும் படித்தேன். ஒருத்தி துடைத்து வைத்த குத்துவிளக்கு. இன்னொருத்தி பனியில் நனைந்த மலர். மூன்றாமவள் மாசு மருவற்றவள். அதற்கப்புறம் வந்தவர்களும் ஏறத்தாழ இதே ரகம். பதினொரு நாவல்களில் பரு என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. லாட்ஜ் குமாஸ்தா ஒருவன். அவன் பணத்தைத் திருடப் போகிறான் என்று வாசகர்களுக்கு முன்கூட்டியே குறிப்புக் காட்ட, அவன் முகத்தில் நான் பருவை வைத்திருக்கிறேன்!

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். 1998-ல் நான் எழுதிய நாவலில் ஒரு ரவுடி வருகிறான். வயது இருபது. முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். உலகத்தை விட்டே அது ஒழிந்ததென்று 1980-ல் அறிவித்துவிட்டார்கள். நோய் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்தவனுக்கு நான் எங்கிருந்து தழும்பைக் கொண்டுவந்தேன்? வாழ்க்கையிலிருந்து அல்ல; எனக்கு முன்னால் எழுதியவர்களின் ரவுடிகளிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறேன்.

இதை வெறும் கவனப் பிசகு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தோலைக் கொண்டு மனத்தை அளக்கும் பழக்கம் நம் எழுத்தில் ஊறிக்கிடக்கிறது. நல்லவளுக்கு வழவழப்பு, கெட்டவனுக்குக் கரடுமுரடு. நிலவு போன்ற முகம் என்று சளைக்காமல் எழுதுகிறோம். அந்த நிலவிலேயே களங்கம் இருப்பதை நம் முன்னோர் கண்டார்கள். அதில் குழியும் மேடும் நிறைந்திருப்பதைத் தொலைநோக்கி காட்டிவிட்டது. நாம்தான் உவமையை வைத்துக்கொண்டு நிலவைப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

பருவ வயதைத் தாண்டி வருகிறவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து பேருக்கு ஏதாவது ஒரு காலத்தில் பரு வருகிறது என்பது தோல் மருத்துவர்கள் கொள்ளும் கணக்கு. நம் கதாநாயகிகள் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள். அப்படியானால் தமிழ் நாவல்களில் எண்பத்தைந்து பெண்களின் முகங்களைத் துடைத்துவிட்டு மற்றப் பதினைந்து பேரைப் பற்றியே நாங்கள் எழுதிவந்திருக்கிறோம். எதார்த்தவாதிகள் என்று பெயர் வேறு!

நாங்கள் எழுதாமல் விட்ட கதையை யார் எழுதினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விடை கஷ்டமில்லாமல் கிடைத்தது. விளம்பரக்காரர்கள் எழுதினார்கள்.

1941-ல் லீலா சிட்னிஸ் என்ற ஹிந்தி நடிகையின் படத்தோடு லக்ஸ் சோப்பு விளம்பரம் வந்தது. இந்திய நட்சத்திரம் ஒருவர் அந்தச் சோப்புக்கு முகம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நம் பத்திரிகைகளில் தொடர்கதை ஒரு பக்கம், சோப்புக் கதை எதிர்ப்பக்கம். என் கதாநாயகியின் முகமும் சோப்பு நட்சத்திரத்தின் முகமும் ஒன்றையொன்று பார்த்தபடியே அச்சாகி வந்திருக்கின்றன. இருவரையும் மாற்றி வைத்திருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. அதன் விளம்பரங்களைச் சிறுகதைகளாக எடுத்துக்கொண்டு ஒரு விமரிசகன் படித்துப் பார்க்க வேண்டும். முதல் காட்சியில் வாடிய முகம். வேலை கிடைக்கவில்லை, அல்லது வரன் அமையவில்லை. இரண்டாம் காட்சியில் ஒரு குழாய். மூன்றாம் காட்சியில் வெளுத்த முகம், வேலை, வரன், கைத்தட்டல். நிறம்தான் விதி, குழாய்தான் தெய்வம். 2014-ல் விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு, கறுத்த நிறம் உடையவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-ல் அந்தக் களிம்பே தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் அந்த மூன்று காட்சிக் கதை நாற்பத்தைந்து வருஷம் ஓடி, நம் வீட்டுக் கண்ணாடிகளுக்குள் குடியேறிவிட்டது. பருவுக்கும் அதே கதைதான் சொல்லப்படுகிறது: வாடிய முகம், குழாய், ஏழே நாளில் பளபளப்பு.

என் தங்கையின் பேத்தி அந்தக் கதையை நம்பியவள். விடுமுறையில் அவள் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை வாங்கினேன்.

பதினைந்து வயதில் பரு ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். 'சூட்டு உடம்பு, எண்ணெய் தேய்த்துக் குளி' என்றாள் பாட்டி. எலுமிச்சைச் சாற்றைத் தடவச் சொன்னாள் அத்தை. பற்பசையைப் பூசிக்கொண்டு தூங்கச் சொன்னாள் பள்ளித் தோழி. 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்று பக்கத்து வீட்டு மாமி தீர்ப்பே வழங்கிவிட்டாள். கடைசியில் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு மருந்துக் கடையில், சீட்டு ஒன்றும் இல்லாமல், சிறிய குழாய் ஒன்று கிடைத்தது. ராத்திரி பூசிக்கொண்டாள். பத்து நாளில் முகம் பளிங்காகிவிட்டது. வகுப்பில் எல்லாரும், 'என்னடி போட்டுக்கிற?' என்று கேட்டார்களாம். இவள் பெருமையோடு குழாயின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அது ஏழெட்டுப் பெண்களின் வீட்டுக்குப் போயிற்று.

ஐந்து மாதம் பூசினாள். பிறகு ஒரு நாள் பூச மறந்துவிட்டாள். மறுநாள் முகம் நெருப்பாக எரிந்தது. வெயிலில் போனால் சிவந்தது. பழைய பருக்களைப் போல் இரண்டு மடங்கு கிளம்பின. மறுபடி பூசினால் அடங்கின, விட்டால் சீறின. "விடவும் முடியல தாத்தா, வெச்சுக்கவும் முடியல" என்றாள். குடிகாரன் பேச்சைப் போல் இருந்தது எனக்கு.

அந்தக் குழாயில் இருந்தது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் அளவோடு எழுதிக்கொடுக்கிற வீரியமான மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முடி முளைக்கும், பருவும் புதிதாகப் புறப்படும். இது இவள் ஒருத்தியின் கதையன்று. இந்தியாவின் பல ஊர்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து, முகக் கோளாறுக்காக வந்த 2926 நோயாளிகளை விசாரித்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். மருத்துவர்கள் பல வருஷம் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் அரசாங்கப் பதிவிதழில் வந்துவிட்டது. கடை மேஜை வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதற்கு எங்கள் வீட்டுப் பெண்ணின் கன்னம்தான் சாட்சி.

அவளை ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டிக்குப் போகாமல் என்னோடு ஏறிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே வந்தாள். தாம்பரம் சானடோரியம் நிலையம் வந்தது. அங்கே வண்டி நின்ற அரை நிமிஷத்தில், அவள் முன்பு கேட்ட கேள்விக்குப் பாதி விடை எனக்குக் கிடைத்துவிட்டது.

'காசநோய் வருது, பரு மட்டும் ஏன் வராது' என்றாள் அல்லவா? அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த சானடோரியத்தை 1928-ல் ஆரம்பித்தவர் டாக்டர் சௌரி முத்து. எத்தனை கதைகளில், எத்தனை சினிமாக்களில், நம் கதாநாயகிகள் இருமி, கைக்குட்டையில் ரத்தம் கண்டு, இத்தகைய சானடோரியங்களின் கட்டிலில் படுத்து அழகாக இறந்திருக்கிறார்கள்! காசநோய் எழுத்தாளனுக்கு வாகான நோய். அதற்கு ஆரம்பம் உண்டு, உச்சம் உண்டு, கண்ணீர் முடிவு உண்டு. முகத்தையும் கெடுக்காது, வெளிறச் செய்து இன்னும் கொஞ்சம் அழகாகவே காட்டும். பருவுக்கு இந்தச் சௌகரியங்கள் ஒன்றும் கிடையாது. அதனால் யாரும் சாவதில்லை. அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். ஆனால் அதனால் வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுகிற பெண்கள் உண்டு. கல்யாண வீட்டுக்கு வராமல் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சாவு மட்டும்தான் துயரம் என்று இலக்கியம் நினைத்துக்கொண்டிருக்கும் வரையில் இந்தப் பெண்களுக்கு அதில் இடமில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. காசநோய்க்கு 1952-ல் வழக்கத்துக்கு வந்த ஐசோநியாஸிட் என்ற மாத்திரை சிலருக்குப் பருப் போன்ற கொப்புளங்களை உண்டாக்கும். ஆகவே நம் கதாநாயகியை அந்தக் கதாசிரியர் சாகடிக்காமல் ஒழுங்காக மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்திருந்தால், அவள் முகத்தில் பரு வந்திருக்கவும் கூடும். அழகாகச் சாவதா, பருவோடு வாழ்வதா என்று கேட்டால் அவள் எதைச் சொல்லியிருப்பாள்? அவளை யாரும் கேட்கவில்லை.

தோல் பிரிவில் அன்று எங்களைப் பார்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. பேத்தியின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா பூசறே?" என்றுதான் முதலில் கேட்டார். களிம்பின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தை நான் இதுவரை படித்த கதைச் சுருக்கங்களில் சிறந்தது என்பேன்.

மயிர்க்கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவம் வந்ததும் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் அதைத் தூண்டிவிடுகிறது. எண்ணெய் கூடுகிறது. வழியில் உதிர்ந்த தோல் செல்கள் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, நிறமி. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். அடைபட்ட எண்ணெயில், எல்லார் தோலிலும் சாதுவாக வசிக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் நாம் பார்க்கிற சிவப்பும் வீக்கமும் சீழும்.

"இன்னிக்குக் கண்ணாடியில தெரியற பரு, பல வாரம் முன்னாடியே உள்ளே ஆரம்பிச்சது. அதனாலதான் ஏழு நாள்ல எதுவும் சரியாகாது. ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும். முடியுமா?" என்றார் மருத்துவர்.

அவள் தலையாட்டினாள். நான் குறித்துக்கொண்டேன். விளம்பரக்காரன் சிறுகதை எழுதுகிறான். தோலோ தொடர்கதை எழுதுகிறது. இந்த வாரம் வெளிவரும் அத்தியாயம் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. இன்று போடுகிற மருந்து இனி வரப்போகிற அத்தியாயத்துக்கு.

முதல் மாதம் மருந்து ஏதுமில்லை. ஸ்டீராய்டை அவர் சொன்ன விதத்தில் நிறுத்த வேண்டும். காரமில்லாத சோப்பால் காலையும் மாலையும் முகம் கழுவ வேண்டும். ஈரப்பதம் காக்கும் களிம்பு, பகலில் வெயில் தடுப்புக் களிம்பு. அவ்வளவுதான். முகம் எரியும், சீறும். பயந்து பழைய குழாயை எடுக்கக் கூடாது. தோல் தணிந்த பிறகு இரவில் அடபலீன் என்ற களிம்பு, ஒரு பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும். பருவின் தலையில் பொட்டு வைப்பது போல அல்ல. நாளைக்கு எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? பகலில் பென்ஸாயில் பெராக்ஸைடு, மெல்லிய படலமாக; அது கிருமியைக் குறைக்கும், தலையணை உறையையும் வெளுக்கும். ஆரம்பத்தில் தோல் உரியும், வறளும். அதற்காக விட்டுவிடக் கூடாது. கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது. பரு போய்விடும், குழி நின்றுவிடும். நம் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் கரும்படை சில மாதங்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் 'மருந்து பலிக்கவில்லை' என்று கடைக்குத் திரும்பி ஓடுகிறார்கள். இதற்கெல்லாம் அடங்காத கடும் பருவுக்கு ஐசோட்ரெடினோயின் என்ற மாத்திரை இருக்கிறது. 1982-லிருந்து புழக்கத்தில் உள்ளது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையை ஊனப்படுத்தக் கூடியதாகையால் மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் அதைத் தொடவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில் பாட்டியின் கட்சி தோற்றது. "தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ, நெத்திக்கு வழிய விடாதே" என்று சொல்லிவிட்டார். முடியில் பூசும் எண்ணெய்ப் பசையால் நெற்றியில் வரும் பருவுக்குத் தனிப் பெயரே கொடுத்து 1970-ல் எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு நெற்றியில் வரிசையாக இருந்த சின்னப் பருக்களுக்குக் காரணம், வாரத்தில் ஐந்து நாள் இறுக்கிப் பின்னிய எண்ணெய் ஜடை. சாப்பாட்டைப் பற்றி நான் கேட்டேன். எண்ணெய்ப் பலகாரத்தைவிட, சர்க்கரையையும் மைதாவையும் குறைப்பது சிலருக்குப் பலன் தருகிறது என்றார். எங்கள் புறநகர் வாழ்க்கைக்கு என்று ஒரு வார்த்தை: ரயில் நெரிசலில் வியர்த்து வீட்டுக்கு வந்தால் முகத்தைக் கழுவு, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் ஹெல்மெட்டின் வாரையும் கழுவு. இவ்வளவுதான் வைத்தியம். கேட்பதற்கு ஒரு சுவாரசியமும் இல்லை.

அங்கேதான் எனக்கு மற்றப் பாதி விடை கிடைத்தது. சுவாரசியம் இல்லாததை எழுத எங்களுக்குத் தெரியாது. ஒரு சம்பவம் நடந்தால் எழுதுவோம். தினமும் ஒரே மாதிரி நடப்பதை எப்படி எழுதுவது? ஆனால் இந்தச் சென்னைதான் காசநோயில் உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது. 1956-ல் சேத்துப்பட்டில் ஆரம்பமான காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் வைத்தது. மற்றொரு பகுதியை வீட்டிலேயே இருக்கச் சொல்லி ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தது. 1959-ல் முடிவு வெளியாயிற்று: நெருக்கடியான வீட்டில், எளிய சாப்பாட்டோடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். நோயை வென்றது மலைக்காற்றும் முட்டையும் பாலும் அல்ல, தினசரி மாத்திரை. அந்த நோயாளிகளில் ஒருவராவது நம் கதைகளில் வரக் காணோம். ஒரு வருஷம் தவறாமல் மாத்திரை விழுங்கிய மனிதனின் வீரத்தை எழுத நமக்கு உவமை கிடைக்கவில்லை.

பரு உள்ள கதாநாயகியே நம் கலையில் இல்லையா என்றால், ஒருத்தி உண்டு. 2015-ல் அல்ஃபோன்ஸ் புத்திரன் எடுத்த 'பிரேமம்' என்ற மலையாளப் படம். அதில் மலர் என்ற கல்லூரி ஆசிரியையாக வந்த சாய் பல்லவி, தன் கன்னத்துப் பருக்களைப் பூச்சால் மறைக்காமல் நடித்தார். படம் சென்னையிலும் பல மாதங்கள் ஓடியது. தம் பருவைப் பற்றித் தமக்கே கூச்சம் இருந்ததென்றும், அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பால் அது நீங்கியதென்றும் அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். பெருந்தொகை தருவதாகச் சொன்ன ஒரு சிவப்பழகுக் களிம்பின் விளம்பரத்தை அவர் மறுத்துவிட்ட செய்தியும் 2019-ல் வெளிவந்தது. நாவலாசிரியர்கள் பல தலைமுறையாகச் செய்யத் துணியாததை ஓர் இளம் நடிகையும் ஒரு காமிராவும் செய்துவிட்டன. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ரயிலில் திரும்பி வரும்போது இந்தப் படத்தைப் பற்றிப் பேத்தியிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"நானும் பார்த்தேன் தாத்தா. ரொம்பப் பிடிக்கும். ஆனா அவங்க அழகு; அதனால பருவும் அழகாயிடுச்சு. எல்லாரும் அந்தப் பருவையே கொண்டாடறாங்க. என் பருவை யாரும் கொண்டாட வேண்டாம். பார்த்துட்டுப் பேசாம இருந்தாப் போதும்."

படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனத்திலும் இந்தக் கருத்தைக் காணவில்லை. பருவை அவமானமாக எழுதுவது ஒரு பொய். அதையே ஆபரணமாக எழுதுவது இன்னொரு பொய். கொஞ்சம் இனிமையான பொய். இரண்டிலும் அந்தப் பெண்ணைவிட அவளுடைய கன்னமே பெரிதாகிவிடுகிறது. பரு என்பது முகத்தில் இருக்கும் ஒரு நிலைமை. அதற்கு மருந்து உண்டு. மருந்து போடுகிற மாதங்களில் அவள் பரீட்சை எழுதுவாள், தோழியோடு சண்டை போடுவாள், யாரையாவது காதலிக்கவும் செய்வாள். கதை அங்கேதான் இருக்கிறது.

நான்கு மாதம் ஆகிவிட்டது. முதல் மாதம் மிகவும் கஷ்டப்பட்டாள். இரண்டு தடவை எனக்குப் போன் செய்து அழுதாள். அந்தப் பழைய குழாய்கள் இரண்டை அவளே கொண்டுவந்து என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள். தன் வீட்டில் இருந்தால் எடுத்துவிடுவாளாம். இப்போது சிவப்பு அடங்கிவிட்டது. பரு அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. கரும்படைகள் இருக்கின்றன, மங்கி வருகின்றன. தான் யார் யாருக்கு அந்தக் குழாயின் பெயரைச் சொன்னாளோ அந்தத் தோழிகள் எல்லாரிடமும் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர்களில் இருவர் மருத்துவரைப் பார்த்துவிட்டார்களாம். ஒருத்தி இவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாளாம்.

என் பன்னிரண்டாவது நாவலின் முதல் அத்தியாயத்தைச் சென்ற வாரம் எழுதினேன். கதாநாயகி பல்லாவரத்தில் இருக்கிறாள். காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். குழாயடியில் முகம் கழுவி, துண்டால் அழுந்தத் துடைத்து, கன்னத்துப் பருக்களின் மேல் களிம்பைத் தடவிக்கொண்டு ஓடுகிறாள். குத்துவிளக்கும் இல்லை, பனிமலரும் இல்லை. எனக்குப் பரம திருப்தி. ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன்.

முழுவதையும் படித்தாள். மேஜை மேல் இருந்த பென்சிலை எடுத்தாள். 'அழுந்தத் துடைத்து' என்பதை அடித்துவிட்டு 'ஒற்றி எடுத்து' என்று எழுதினாள்.

"அழுந்தத் துடைக்கக் கூடாது தாத்தா. டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க?" என்றாள்.